கழுத்தும் கதிரும்

சென்ற ஆண்டு ஒரு மாலை, பீனிக்ஸ் பே படகுத்துறையில் என் தாய்மாமனுக்காகக் காத்திருந்தேன். ரங்கத்திலிருந்து வந்த படகினின்றும் இறங்கிய அவர், கூட்டத்தில் என்னைக் காணாமல் கடந்து போய்விட்டார். "மாமா!" என்று பின்னாலிருந்து கூவினேன். பின்னாலிருந்து ஒருவர் அழைத்தால் நாம் என்ன செய்வோம்? தலையைத் திருப்பிப் பார்ப்போம். மாமா அவ்வாறு செய்யவில்லை. கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். காலை மாற்றி வைத்தார். பிறகு உடல் முழுவதையும், கீலில் சுழலும் கதவைப் போல, ஒரே வீச்சாகத் திருப்பி நின்றார்.

"கூப்பிட்டியா மாப்ளே? கழுத்து திரும்ப மாட்டேங்குது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அச்சம் இருந்தது.

அதற்குச் சில காலத்துக்கு முன், அவருடைய வலக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் கண்டு, சென்னையில் அறுவை மருத்துவமும், அதன்பின் முப்பது நாள் கதிர் மருத்துவமும் செய்தார்கள். நோய் நீங்கிற்று என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு திரும்பியபோது கழுத்து நன்றாகவே திரும்பிற்று. ஓராண்டு கழிந்தபின் அன்றோ இறுகத் தொடங்கிற்று! 'போன நோய் திரும்பி வந்துவிட்டது. அதுதான் உள்ளே இருந்து பிடித்து இழுக்கிறது' என்று அவர் தமக்குள் முடிவு கட்டிவிட்டார். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. நான்கு மாதம் அந்த எண்ணத்தோடு தனியே வாழ்ந்திருக்கிறார். ஜீப் ஓட்டிப் பிழைப்பவர். வண்டியைப் பின்னுக்கு எடுக்க இயலாமல், ஓட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

நோய் திரும்பவில்லை என்பது சோதனையில் தெரிந்தது. ஆயின் கழுத்து இறுகியது ஏன்? மருத்துவம் முடிந்து ஓராண்டுக்குப்பின் புதிதாய் ஒரு துன்பம் தோன்றுவானேன்? அதற்கு நாம் செய்யத்தக்கது யாது? இவற்றை அறிய நான் படித்தவற்றையும், மருத்துவர்களிடம் கேட்டவற்றையும், மாமாவுடன் இருந்து கண்டவற்றையும் நம் சங்க நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் கடல் உயிரியல் படிப்பவன், மருத்துவன் அல்லேன். எனவே இதனை மருந்துச்சீட்டாகக் கொள்ளாமல், பாடமாகக் கொள்க.

நம் தீவுகளில் இந்தப் பாடம் பலருக்கு வேண்டியது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, அந்தமான் நிகோபாரில் ஆண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவதாகக் கண்டது. கைனியும், புகையிலை சேர்த்த வெற்றிலையும் படகுத்துறை, தோட்டம், கடைத்தெரு எங்கும் உண்டு. பாக்கோ நம் தோட்டங்களிலேயே விளைவது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் அறிவித்தது. வாய், நாக்கு, தொண்டை இவற்றில் தோன்றும் புற்று, பெரும்பாலும் முதலில் கழுத்தை நோக்கியே பரவும். ஆகவே நோய் வாயில் இருப்பினும் மருத்துவம் கழுத்தையும் தொடாமல் விடுவதில்லை.

செல்லுலர் சிறையின் நிலத்தில் நிற்கும் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையை நாம் அறிவோம். எனினும் பெரிய புற்றுநோய் மருத்துவம் என்றவுடன் தீவுத் தமிழர் பலர் நினைப்பது சென்னையைத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தின் பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் இங்கு அரிது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவ்வம்மையார். கப்பலில் மூன்று நாள், சற்றொப்ப 1200 கிலோமீட்டர் கடல். போய், மருத்துவம் முடித்து, கடன்பட்டுத் திரும்புகிறவர் "இனி எல்லாம் முடிந்தது" என்று எண்ணுவது இயற்கை. இடர்ப்பாடு தொடங்குவதும் அங்கேதான்.

முதலில் அறுவையைப் பற்றிக் காண்போம். நண்பர்களே, உங்கள் வலக் கையைக் கழுத்தின் வலப்புறம் வைத்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பிப் பாருங்கள். காதின் பின்புற எலும்பிலிருந்து மார்பின் நடுவே உள்ள எலும்பு வரை, கயிறு போல் ஒரு தசை புடைத்து எழுவதை விரல் உணரும். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்னும் நீண்ட பெயர் அதற்கு. வலப்புறத் தசை சுருங்கினால் முகம் இடப்புறம் திரும்பும். இடப்புறத் தசை சுருங்கினால் வலப்புறம் திரும்பும். இத்தசையின் அடியில் உட்கழுத்துச் சிரை என்னும் பெரிய குருதிக் குழாய் ஓடுகிறது. அதனை ஒட்டி, மாலையில் கோத்த மணிகள் போல் நிணநீர்க் கணுக்கள் கிடக்கின்றன. நம் உடலிலுள்ள கணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்திலேயே உள்ளது. வாயிலிருந்து புறப்படும் புற்றணுக்கள் இம்மணிகளில் வந்து தங்கும். மணிகளை எடுக்க வேண்டும் என்பதே அறுவையின் நோக்கம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1906 இல் இதற்கொரு முறையை விளக்கினார். மணிகளை மட்டும் எடுத்தால் நோய் எஞ்சிவிடும் என்று அஞ்சி, அவற்றோடு தசை, சிரை ஆகியவற்றையும் சேர்த்து எடுக்கும் முறை அது. பின்னர் வந்தோர் அவ்விடத்தே செல்லும் பதினோராம் மூளை நரம்பையும் விட்டுவைப்பதில்லை என்று வழக்கப்படுத்தினர். உயிர் பிழைத்தது, தோள் விழுந்தது. ஏனெனில் அந்த நரம்பே தோளைத் தூக்கி நிறுத்தும் டிரபீசியஸ் என்னும் பெருந்தசையை இயக்குவது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஆஸ்வால்டோ சுவாரெஸ் என்பவர், தசையையும் சிரையையும் நரம்பையும் காப்பாற்றிக்கொண்டே கணுக்களை எடுக்கலாம் என்று 1963 இல் எழுதினார். ஸ்பானிய மொழியில் எழுதியதால் உலகம் அதனை அறியச் சற்று நாளாயிற்று என்பர். தாய்மொழியில் அறிவியல் எழுதுகிற நமக்கு இது சிறு கவலையையும் பெரிய துணிவையும் ஒருங்கே தருகிறது! நிற்க. இன்று இயன்றவரை இம்மூன்றையும் காத்தே அறுவை செய்கிறார்கள். நோய் அவற்றைப் பற்றியிருந்தால் மட்டுமே எடுக்கிறார்கள்.

நரம்பை வெட்டாமல் விட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. அறுவையின்போது இழுபட்டு, நசுங்கி, பல மாதம் உறங்கிவிடும். அந்நாளில் தோள் முன்னும் கீழுமாகச் சரியும். கையைப் பக்கவாட்டில் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வாருவதும், சட்டை மாட்டுவதும், பேருந்தில் மேலுள்ள கம்பியைப் பிடிப்பதும் கடினமாகும். தோள் சரியவே கழுத்தின் மற்றத் தசைகள் தோளின் எடையையும் சுமக்க நேர்ந்து, வலித்து இறுகும். ஆகவே கழுத்து இறுக்கம் என்பதில் பாதி தோளின் கதை. காதுமடலும் தாடையோரமும் மரத்துப்போவதும் அறுவையால்தான். அங்குள்ள உணர்ச்சி நரம்பு வெட்டுண்டிருக்கும். மாமா சவரம் செய்யும்போது கன்னம் வேறொருவருடையது போல் இருப்பதாகச் சொல்வார்.

இனிக் கதிருக்கு வருவோம். கதிர் மருத்துவம் முடிந்து வந்தவரிடமிருந்து கதிர் வீசுமோ என்று அஞ்சி, மாமாவுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்த உறவினர் உண்டு. இது வீண் அச்சம். வெளியிலிருந்து பொறியால் செலுத்தும் கதிர், விளக்கை அணைத்தால் ஒளி நீங்குவது போல், பொறியை நிறுத்திய அளவிலே நின்றுவிடும். உடலில் எதுவும் தங்குவதில்லை. பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

கதிரின் அளவைக் கிரே என்னும் அலகால் அளக்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுக்கு மொத்தம் 60 முதல் 70 கிரே வரை கொடுப்பது வழக்கம். ஒரே நாளில் அவ்வளவையும் கொடுத்தால் புற்றோடு ஆளும் போவார். நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். இப்படிப் பிரிக்கும் வழியை 1920களில் பாரிஸ் நகரில் ரெகோவும் குட்டாரும் கண்டனர். இரு நாள்களுக்கு இடையில் நல்ல அணுக்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளும். புற்றணுக்கள் அவ்வளவு திறமையாகப் பழுதுபார்ப்பதில்லை. இந்த வேறுபாட்டில்தான் கதிர் மருத்துவமே நிற்கிறது.

ஆனால் நல்ல அணுக்களின் பழுதுபார்ப்பு சில இடங்களில் எல்லை மீறிவிடும். நம் மீனவர் வலை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். கிழிந்த இடத்தைத் தைக்கிறார். தைத்து முடித்ததும் ஊசியை வைத்துவிடுகிறார். அவர் நிறுத்தாமல் அதே இடத்தில் மேலும் மேலும் தைத்துக்கொண்டே போனால் என்னாகும்? கண்கள் அடைபட்டு, நூல் முறுகி, வலை சுருங்கி, விரியாத ஒரு கட்டையாகிவிடும். கதிர் பட்ட கழுத்தில் நடப்பது இதுவே. நம் திசுக்களில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் அணுக்கள் உண்டு. கொல்லாஜன் என்னும் நாரை நெய்து காயத்தை ஆற்றுவது அவற்றின் வேலை. 'தை' என்று அவற்றுக்கு ஆணையிடும் வேதிப் பொருள்களுள் முதன்மையானது டி.ஜி.எஃப். பீட்டா என்பது. கதிர் பட்ட இடத்தில் இந்த ஆணை ஓய்வதில்லை. நெய்யும் அணுக்கள் தாமே சுருங்கும் தன்மையும் பெற்றுவிடுகின்றன. சிறு குருதிக் குழாய்கள் தடித்து, தசைக்கு உணவு குறைகிறது. தோல், தசை, தசையைச் சுற்றிய உறை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இதில் நாம் மனத்தில் நிறுத்த வேண்டியது காலம். கதிரின்போது தோல் கறுப்பதும், வாய் புண்ணாவதும் சில வாரங்களில் ஆறிவிடும். நார் நெய்தலோ சில மாதங்களுக்குப்பின் மெல்லத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடப்பது. நோயாளி நலம் பெற்றதாக எண்ணும் நாளில்தான் அது தன் வேலையில் இறங்குகிறது. மருத்துவமனை தொலைவில் இருக்கிறது; உறவினர் வந்துபோவது குறைந்துவிட்டது; அவர் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். இந்த வேளையில் கழுத்து மெல்ல இறுகினால், நோய் மீண்டது என்று அவர் நினைப்பதில் வியப்பென்ன?

மருத்துவமனையில் மாமாவிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். கழுத்துப் பயிற்சிகள், படங்களுடன், ஆங்கிலத்தில். ஏன் செய்ய வேண்டும், எத்தனை நாள் செய்ய வேண்டும் என்று அவருக்கு விளங்கும்படி எவரும் சொல்லவில்லை. ஊரிலோ, "கழுத்தை ஆட்டாதே, தையல் விட்டுப்போகும்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அவர் ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஆறு மாதம் கழுத்தைக் கண்ணாடிப் பாத்திரம் போல் காத்தார். நார் நெய்யும் அணுக்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அசையாத இடத்தில் அவை குறுகலாகவே நெய்யும். நாள்தோறும் நீட்டி மடக்கும் இடத்தில், அந்த நீளத்துக்கு ஓரளவேனும் இடம் விட்டு நெய்யும்.

பயிற்சியால் பயனுண்டா என்பதற்குச் சான்று கேட்பது அறிவியல் மாணவரின் கடமை. தோளைப் பொறுத்தவரை நல்ல சான்று உண்டு. கனடாவில் மெக்நீலி என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் தலை, கழுத்துப் புற்றுநோயிலிருந்து பிழைத்த 52 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான பயிற்சியும், மற்றொன்றுக்குச் சிறு எடைகளால் படிப்படியாக வலுவூட்டும் பயிற்சியும் 12 வாரம் கொடுத்தனர். 2008 இல் வெளியான முடிவில், எடைப் பயிற்சி செய்தோரின் தோள்வலியும் இயலாமையும் மிகுதியாகக் குறைந்திருந்தன. கழுத்தின் சுழற்சிக்கு இவ்வளவு தெளிந்த ஆய்வுகள் குறைவு. ஊன்றிப்போன தழும்பைப் பயிற்சி கரைத்துவிடும் என்று எவரும் சொல்வதில்லை. உள்ளதை இழக்காமல் காப்பதும், இழந்ததில் ஒரு பங்கை மீட்பதும் இயலும். ஆகையால் எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதற்காக அறுவை முடிந்த மறுநாளே தொடங்கிவிடலாகாது. காயம் ஆறி, அறுவை மருத்துவர் "தொடங்கலாம்" என்று சொல்ல வேண்டும். தொடையிலிருந்தோ மார்பிலிருந்தோ சதை எடுத்து ஒட்டியிருந்தால் அவர் சொல்லும் நாள் இன்னும் தள்ளிப்போகும்.

மாமாவுக்கு இயன்முறை மருத்துவர் கற்பித்ததைச் சொல்லுகிறேன். முதற்பாடம் அமர்வது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைக் கீழே குனியாமல் நேர் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரட்டைத் தாடை தோன்றுவது போல. தலை முன்னே துருத்தியிருக்கும்போது கழுத்தைத் திருப்பினால் பாதிதான் திரும்பும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: முகவாயை முன்னே நீட்டிக்கொண்டு திரும்புங்கள், பிறகு உள்ளே இழுத்துக்கொண்டு திரும்புங்கள். வேறுபாடு உடனே தெரியும். மாமாவிடம் எத்தனை சொற்கள் சொல்லியும் ஏறாத பாடம், இந்த ஒரு சோதனையில் ஏறிற்று.

அடுத்து, மெல்ல ஒரு பக்கம் திருப்பி, 'இழுக்கிறது' என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, இருபது முப்பது எண்ணும் வரை மூச்சை அடக்காமல் அங்கேயே இருத்தல். குலுக்கலாகாது, எட்டிப் பிடிக்கலாகாது. பிறகு மறுபக்கம். அதன்பின் காதைத் தோளை நோக்கிச் சாய்த்தல். தோள் மேலேறிக் காதைச் சந்திக்க வருவது கள்ளத்தனம் என்று மருத்துவர் சொல்லிச் சிரித்தார். பிறகு குனிதல், பிறகு மெல்ல அண்ணாந்து பார்த்தல். ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. இழுக்கும் உணர்வு வேண்டும். குத்தும் வலி வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். தோளுக்கு, இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்தல். சுவரில் விரல்களைப் பல்லி போல் மேலே ஏற்றுதல். மல்லாந்து படுத்து இரு கையாலும் ஒரு கோலைப் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோதல். நரம்பு உறங்கும் நாளில் அந்தக் கையில் பாரமான பை தூக்கக் கூடாது. அன்று படகுத்துறையில் மாமா தூக்கி வந்தது அதே கையில்தான்!

வாயையும் மறக்கலாகாது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வாய் போதுமான அளவு திறக்கிறது. 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைத் தாடை இறுக்கமாகக் கொள்கிறார்கள். உளவியல் அறிஞர் சிக்மண்ட் பிராய்டு 1923 இல் வாய்ப்புற்றுக்கு ஆளாகி, 1939 இல் இறக்கும் வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளையும் கதிரையும் தாங்கியவர். வாய் திறக்க இயலாமல் அவர் பட்ட பாடு பெரிது. அந்நிலையிலும் சுருட்டை விடவில்லை என்பது அந்தப் பேரறிவின் விந்தை. ஐஸ்கிரீம் குச்சிகளைச் சுத்தம் செய்து அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டுவது எளிய முறை. எத்தனை குச்சி என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்க.

காலையில் எழும்போது முகவாயின்கீழ் தவளையின் தொண்டை போல் ஒரு வீக்கம் சிலருக்கு இருக்கும். மணிகளை எடுத்துவிட்டதால் நிணநீர் வடிய வழியின்றித் தேங்குவது அது. பகலில் நடமாடினால் தணியும். தலையை உயர்த்திப் படுப்பது உதவும். அதனை வடியச் செய்யும் தடவுமுறை ஒன்றும் உண்டு. தோலை மட்டும் நகர்த்தும் அளவு மெல்லிய தொடுகை. பயின்றவரிடம் கற்க வேண்டும். எண்ணெய் ஊற்றி அழுத்திப் பிசைவது அதுவன்று.

இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியவை உள்ளன. முடிதிருத்தும் கடையில் தலையைத் தட்டி, கழுத்தை இரு புறமும் வெடுக்கென்று திருப்பிச் 'சொடக்கு' எடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கதிர் பட்ட கழுத்தில் இதனை ஒருபோதும் செய்யக் கூடாது. மூளைக்குக் குருதி செல்லும் குழாய்களும், கழுத்து எலும்புகளும் கதிரால் நலிந்திருக்கும். சுளுக்கு வழிப்பவரிடம் போவதும் இதே போன்றது. மாமா இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கேட்டபோது எனக்கு வயிறு கலங்கிற்று. மூன்றாவது, வெந்நீர்ப் பை. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளித்த பிறகே கண்ணுக்குத் தெரியும், கதிர் பட்ட தோல் ஆறுவதும் கடினம். குளிக்கும்போது இளஞ்சூட்டு நீர் போதும். சூட்டை மரத்துப்போகாத கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் தீவு வெயிலில் அந்தக் கழுத்தைத் துணியால் மறைப்பதும் நன்று. துண்டு கட்டுவது வெயிலுக்காக இருக்கட்டும். கழுத்தை அசையாமல் நிறுத்துவதற்காக வேண்டாம்.

இறுக்கம் எல்லாம் நோய் திரும்பியதன் குறி அன்று. அதற்காக எல்லா இறுக்கத்தையும் தழும்பு என்று தள்ளிவிடவும் கூடாது. புதிய கட்டி, ஆறாத புண், குரல் மாற்றம், விழுங்குவதில் புதிய தடை, நாளுக்கு நாள் மிகும் வலி, கை மரத்தல், கையில் வலுக் குறைதல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கழுத்தைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வது போல் சிலருக்குக் கதிர் முடிந்த சில மாதங்களில் தோன்றும். பெரும்பாலும் தானே மறைவது அது; எனினும் மருத்துவர் அறிய வேண்டும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியும் கதிரால் மெல்ல ஓயலாம். காரணமறியாத சோர்வும், குளிரும், உடல் பருத்தலும் அதன் அடையாளங்கள். ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை குருதிச் சோதனை செய்தால் தெரிந்துவிடும், மாத்திரையால் சரிசெய்யலாம். பல் பிடுங்குமுன் கதிர் பெற்றதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடையெலும்பு ஆறாமல் போகும் இடர் உண்டு. கழுத்துத் தசை திடீரென்று முறுக்கிப் பிடிக்கும் துன்பத்துக்கு மருந்துகள் இருக்கின்றன. சிலருக்கு ஊசியும் போடுகிறார்கள். அவை மருத்துவர் முடிவு செய்யத்தக்கவை.

ரங்கத்திலிருந்து தலைநகருக்குச் சாலை வழியே சுமார் 170 கிலோமீட்டர். 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினும், ஊரார் வாயில் அது இன்னும் போர்ட் பிளேர்தான். வாரம் இருமுறை இயன்முறை மருத்துவரிடம் வா என்றால், ஓட்டுநர் வேலை பார்ப்பவருக்கு இயலுமா? கச்சால் தீவில் வாழும் நம்மவருக்கு இயலுமா? எனவே பயிற்சி வீட்டில்தான் நடக்க வேண்டும். நடப்பதை ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவர், வீட்டில் படித்த பிள்ளையாகவே பெரும்பாலும் இருப்பார். அதாவது, நீங்களும் நானும்.

நான் செய்தது இவ்வளவே. பெட்டியின் அடியில் கிடந்த அந்த ஆங்கிலத் தாளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தையல்காரரின் அளவு நாடாவால், முகத்தை முடிந்த மட்டும் திருப்பியபின் முகவாய்க்கும் தோள் முனைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தேன். குறையக் குறையக் கழுத்து நன்றாகத் திரும்புகிறது என்று பொருள். மாதம் ஒருமுறை, ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் அளந்து குறித்தேன். முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதமும் ஒன்றுமில்லை. "போடா, வேலையத்தவனே" என்றார். மூன்றாம் மாதம் ஒரு சென்டிமீட்டர். எண்ணைக் கண்ட பிறகு அவரே நாடாவை எடுத்து வரத் தொடங்கினார். எட்டாம் மாதத்தில் மொத்தம் மூன்று சென்டிமீட்டர். பழைய கழுத்து வரவில்லை; வராது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். நடுவில் காய்ச்சலால் மூன்று வாரம் விட்டபோது அரை சென்டிமீட்டர் திரும்பப் போயிற்று. அதுவும் ஏட்டில் இருக்கிறது.

மருத்துவர் சம்மதித்தபின் இப்போது ஜீப் ஓட்டுகிறார். இரு பக்கமும் அகலமான கண்ணாடி மாட்டியிருக்கிறார். ஜிர்காடாங் சாவடியில் வண்டிகள் வரிசையில் காத்திருக்கும் நேரம் அவருக்குப் பயிற்சி நேரம். இடப்புறம் முப்பது, வலப்புறம் முப்பது. பக்கத்து வண்டிக்காரர்கள் முதலில் கேலி செய்தார்களாம். அவர்களுள் ஒருவர், தம் அண்ணனுக்கும் இதே அறுவை நடந்தது என்று சொல்லி, அந்தத் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்கிப் போனார்.

நண்பர்கள் வீட்டிலும் அத்தகைய ஆங்கிலத் தாள் ஏதேனும் பெட்டிக்குள் கிடந்தால், விடுமுறை முடிந்து வரும்போது எடுத்து வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். உட்கார்ந்து தமிழில் எழுதி, மருத்துவரிடம் ஒருமுறை காட்டித் தருகிறேன். அளவு நாடா உங்களுடையதாக இருக்கட்டும்; என்னுடையதை மாமா திருப்பித் தரவில்லை.